நூற்றுப் பதினான்காம் வரி

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் அத்தானுக்கு மட்டும் முதுகுவலி. நாற்காலியை மாற்றுங்கள் என்றால் டாக்டரை மாற்றுகிறார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். கேட்டால் "ஓகே" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாய். எப்போது சாப்பிடுகிறாய், எப்போது தூங்குகிறாய், அதை எழுது.

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், ஒரே நேரத்தில் வைத்தும்விடுகிறோம். இனிமேல் கடிதம்தான் என்று நீ சொன்னது நல்ல யோசனை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

வேலை வந்திருக்கிறது. நான் வழக்கமாகத் தமிழாக்கம் செய்யும் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் உனக்குத் தெரியும், எல்லாம் "குனி, ஓடு, தோட்டா தீர்ந்தது" ரகம். வரிகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கு எழுத வரும். போன மாதம் "கத்தியைக் கீழே போடு" என்பதை ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு டீச்சர் வந்து கதவைத் தட்டினார். அத்தான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர், அதே கத்தியோடு போய்த் திறந்தார். டீச்சர் இப்போதெல்லாம் படியில் என்னைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கேன்" என்கிறார்.

இந்தப் புது விளையாட்டு அப்படி இல்லை. ஒரு வீடு. மாடியில் படுக்கையில் கிடக்கிற பெரியவர். அவரைப் பார்த்துக்கொள்கிற மகள். வாசலில் ஒருவன் வந்து நிற்கிறான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மொழிபெயர்க்கிறவர்களுக்கு விளையாட்டைக் காட்ட மாட்டார்கள். அட்டவணையில் வரிகள் மட்டும் வரும், அதுவும் பேசுகிறவர் வாரியாக அடுக்கி. முதலில் மகள் பேசும் நானூறு வரி, பிறகு பெரியவர், பிறகு வந்தவன், கடைசியில் விளையாடுகிறவர் அமுக்கும் பொத்தான்களில் வரும் சொற்கள். எது எதற்குப் பதில் என்று தெரியாது. சந்தேகம் இருந்தால் பக்கத்தில் கேள்விப் பட்டியலில் எழுதலாம், எழுதியவர் இஷ்டம் இருந்தால் பதில் போடுவார். ஒரு வீட்டுச் சண்டையைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கிற வேலை இது, ஒருவர் குரலை மட்டும்.

எனக்கு ஒரு சந்தேகம். உருவாக்கியவர்களின் பெயரை மறைத்துத்தான் அனுப்புவார்கள், அது வழக்கம். ஆனால் அந்த மகள், "டம்ளரைக் கவிழ்த்து வை, தூசி விழும்" என்கிறாள். "நான் ஒன்றும் சொல்லவில்லை, நான் ஏன் சொல்லப் போகிறேன்" என்கிறாள். இப்படிப் பேசுகிற ஒருத்தியை எனக்குக் கண்ணாடியில் தெரியும். நேராகவே கேட்கிறேன், இதை எழுதியது நீயா? என்னிடம் கொடுக்கச் சொன்னதும் நீயா?

உன் பதிலைத் துருவிப் படிக்கக் காத்திருக்கும்
அக்கா

பிப்ரவரி 9

சி.ஐ.டி. அக்காவுக்கு,

காலைச் சாப்பாடு எட்டு மணி. மதியம் வேலை மேசையில், கீபோர்டின் மேல் பாதி. தூக்கம் பதினொன்று முதல் ஆறரை. சாட்சிக் கையெழுத்து வேண்டுமானால் பக்கத்து இருக்கைக்காரரிடம் வாங்கி அனுப்புகிறேன்.

பிடித்துவிட்டாய். நான் எழுதியதுதான். தமிழிலும் வர வேண்டும் என்று இங்கே சண்டை போட்டதும் நான்தான், யாரிடம் கொடுக்கலாம் என்று கேட்டபோது உன் பெயரைச் சொன்னதும் நான்தான். முன்கூட்டியே சொல்லியிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய். வெளியே வாயைத் திறக்கக் கூடாது என்று கம்பெனிக்கு நாம் இருவருமே எழுதிக் கொடுத்திருக்கிறோம், ஆகவே படித்ததும் இந்தக் கடிதத்தை மறந்துவிடு.

டம்ளர் உன்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஊரில் உள்ளவர்களின் டம்ளரை எடுத்தால் திருட்டு, அக்காவின் டம்ளரை எடுத்தால் உரிமை. எழுதுகிறவனுக்குக் கைக்கு எட்டுகிற சாமான்தானே முதலில் கிடைக்கும்.

கேள்விப் பட்டியலில், மகள் வந்தவனை "நீ" என்று சொல்ல வேண்டுமா "நீங்கள்" என்றா என்று கேட்டிருந்தாய். "நீ" என்றே போடு. அவன் அவளுடைய தம்பி.

முடிவை மட்டும் கேட்காதே. முடிவு தெரிந்தவர் எழுதினால் முதல் வரியிலேயே வாசனை வந்துவிடும். உன்னை எனக்குத் தெரியாதா, ஒளித்து வைத்த பரீட்சை மார்க்கை என் நடையைப் பார்த்தே கண்டுபிடித்தவள் நீ.

அத்தானிடம் நாற்காலியை மாற்றச் சொல். நீ சொல்லாமல் நான் சொன்னதாகச் சொல்.

உன் கைதி,
தம்பி

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்னதாகச் சொன்னேன், நாற்காலி வந்துவிட்டது. இந்த வீட்டில் என் சொல்லுக்கு இருக்கிற மதிப்பு அவ்வளவுதான்.

உன் வரிகளை முழுவதும் படித்துவிட்டேன். நன்றாக எழுதுகிறாய். பொறாமையோடுதான் சொல்கிறேன். ஒரு நாவலில் ஒருத்தி கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். உங்கள் எழுத்தில் அவள் சாத்தினால் என்ன பேசுவாள், திறந்தால் என்ன பேசுவாள், பாதி திறந்து நின்றால் என்ன பேசுவாள், மூன்றையும் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. விளையாடுகிறவர் ஒரு வழியில் போவார், மற்ற இரண்டும் யார் கண்ணிலும் படாமல் உள்ளேயே கிடக்கும். யாரும் வராத அறைக்கும் விளக்குப் போட்டு வைக்கிறீர்கள். நானும் அதே அக்கறையோடு அதைத் தமிழில் போட்டு வைக்கிறேன். இதைச் செய்யும்போது எனக்குச் சில நாள் சந்தோஷமாக இருக்கும், சில நாள் பாதியிலேயே எழுந்து போய்விடுவேன். வாழ்க்கையில் சாத்தியதற்கு மட்டும்தான் வசனம் இருக்கிறது.

இப்போது என் சந்தேகத்துக்கு வருகிறேன். பொத்தான்களின் பட்டியலைப் பார்த்தேன். "இழுப்பறையைத் திற." "மருந்துச் சீட்டைப் பார்." "நம்பாதே." "மறுபடி கேள்." அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று இப்படிக் குடைகிறார்கள்? கடைசியில் ஒரு பொத்தான், "மன்னிப்புக் கேள்." யார் யாரிடம் கேட்க வேண்டும் என்று பட்டியலில் எழுதினேன். "முடிவு, சொல்ல இயலாது" என்று பதில் போட்டிருக்கிறாய். அந்தக் குடைச்சலுக்குப் பிறகு யார் கேட்க வேண்டியிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம்.

அவள் நல்லவளா, கெட்டவளா? அதை மட்டும் சொல்லிவிடு. தெரியாமல் எனக்கு அவள் குரல் வரவில்லை. வாய்விட்டுச் சொன்னால் ஒவ்வொரு வரியும் இரண்டு விதமாக வருகிறது.

அப்பாவின் கடைசி நாட்களில் வீட்டுக்கு வந்துபோன நர்ஸம்மா இப்போது எங்கே இருக்கிறார், உனக்குத் தெரியுமா? அவரோடு பேசுவதுண்டா? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 27

அன்பு அக்காவுக்கு,

நல்லவளா கெட்டவளா என்பதுதான் விளையாட்டே. விளையாடுகிறவர் பாதிக்கு மேல் அவளைச் சந்தேகப்பட வேண்டும். நீயும் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்க்கிறாய் என்றால் சரியாகத்தான் செய்கிறாய். இரண்டையும் ஒரே குரலில் வை.

நர்ஸம்மாவோடு பேசுவது இல்லை. எப்போதாவது அவராக ஒரு படம் அனுப்புவார், பேரன் படம். நானும் "அழகாக இருக்கிறான்" என்று போடுவேன். ஏன் திடீரென்று?

யாரும் வராத அறைக்கு விளக்கு என்று நீ எழுதியதை இங்கே எங்கள் குழுவில் இருக்கிற ஓவியரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் அதை எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டார். உனக்கு ஒரு ரசிகர்.

இப்போது அலுவல். தமிழைச் சரிபார்ப்பவர் என்னிடம் வந்தார். நூற்றுப் பதினான்காம் வரி. நான் எழுதியது, "அவர் தூங்குகிறார். எழுப்ப வேண்டாம் என்று சொன்னார்." உன் தமிழில், "அவர் தூங்குகிறார். பிறகு வா" என்று இருக்கிறதாம். கைதவறியிருக்கும் என்று அவரிடம் சொல்லி வைத்தேன். ஆனால் அந்த இரண்டாம் பாதி இல்லாமல் விளையாட்டு நகராது, அக்கா. பின்னால் மாடிக்குப் போகிறவன் அதே வார்த்தையைச் சொல்லித்தான் பெரியவரிடம் கேட்கிறான். "எழுப்ப வேண்டாம்னு நீங்க சொன்னீங்களா?" கீழே சொல்லாததை மேலே எப்படிக் கேட்பான்? கடிதம் கண்டதும் சரிசெய்து அனுப்பு.

மற்றபடி தமிழ் அருமை என்றார். அவர் யாரையும் பாராட்டுகிற ஆள் இல்லை.

அன்புடன்,
தம்பி

மார்ச் 3

தம்பி,

சுற்றி வளைத்தது போதும். கை தவறவில்லை. தெரிந்துதான் வெட்டினேன். பதினாறு வருடத் தொழிலில் அடுத்தவர் எழுதிய வரியில் நான் கை வைத்தது இதுதான் முதல் தடவை.

என்னிடம் கேட்க உனக்கு வாய் வரவில்லை. அதனால் ஒரு பொம்மைப் பெண்ணை வைத்து, நான் சொன்ன சொல்லையே அவள் வாயில் போட்டு, அதை என் கையாலேயே தமிழில் எழுத வைத்து, கடைசியில் "மன்னிப்புக் கேள்" என்று ஒரு பொத்தானும் வைக்கிறாய். ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் அதை அமுக்கி விளையாட வேண்டும். பெற்ற தகப்பன் சாவு உனக்கு விளையாட்டா? டம்ளரை எடுத்துக்கொண்டாய், சிரித்தேன். இதை எடுக்க உனக்கு என்ன உரிமை?

நர்ஸம்மாதான் சொல்லியிருக்க வேண்டும். நீ கடைசியாகக் கூப்பிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் கூடத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். பேரன் படமாம், பேரன் படம்.

சரி. நீ கேட்க நினைத்ததை நானே சொல்லிவிடுகிறேன். அப்பா அப்போது தூங்கவில்லை. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அறைக்கு வெளியே நடையில் நின்றுகொண்டு போனில் உன்னிடம், "அப்பா தூங்கறாரு, எழுப்ப வேண்டாம்னு சொன்னாரு" என்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

இரண்டு வருடம், தம்பி. குளிப்பாட்டியது நான், படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டது நான், ஊட்டியது நான், அவர் துப்பியதைத் துடைத்தது நான். வாரத்துக்குப் பத்து நிமிடம் பேசுகிறவன் நீ. அவர் முகம் மலர்ந்தது அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான். போனை வைத்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார், நான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வாரம் பேசிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். புதன்கிழமை காலையிலேயே போய்விடுவார் என்று எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?

உன் வரியை நீயே சரிசெய்துகொள். வேறு ஆளையும் பார்த்துக்கொள்.

அக்கா

மார்ச் 12

அக்கா,

ஒன்பது நாளாகிவிட்டது. பதில் எழுதி எழுதிக் கிழித்தேன்.

நர்ஸம்மா எதுவும் சொல்லவில்லை. அவர் அனுப்பியதெல்லாம் பேரன் படம்தான். எனக்கு எதுவுமே தெரியாது. நீ சொல்லித்தான் தெரிகிறது.

நீ வரிகளை வரிசை இல்லாமல் படித்தாய். வரிசையை இப்போது சொல்கிறேன். தம்பிக்காரன் வீட்டுக்கு வருகிறான். அப்பா தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்றார் என்று அக்கா சொல்கிறாள். அவன் நம்பவில்லை. இழுப்பறையைத் திறக்கிறான், மருந்துச் சீட்டைப் பார்க்கிறான், அவளை மடக்கி மடக்கிக் கேட்கிறான். எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் மாடிக்கு ஓடிப் போய்ப் பெரியவரிடமே கேட்கிறான். அவர், "நான்தான் சொன்னேன். உன்னைப் பார்த்தால் எனக்குப் போக மனம் வராது, அதனால் சொன்னேன்" என்கிறார். அவள் சொன்னது முழுக்க உண்மை. அவன் கீழே இறங்கி வருகிறான். அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருக்கிறாள். திரையில் ஒரே ஒரு பொத்தான் மிச்சம் இருக்கிறது. அதை அமுக்க வேண்டியவன் தம்பி.

அன்று போனில் உன் குரலுக்குப் பின்னால், தூரத்தில், "யாரும்மா?" என்று ஒரு குரல் கேட்ட மாதிரி எனக்கு இருந்தது. அப்பா போன பிறகு மூன்று வருடமாக அந்த ஒரு சொல் என்னை விடவில்லை. உன்னோடு போனில் பேசும்போதெல்லாம் ஒன்றுமில்லாததற்கு நான் சண்டைக்கு வந்தது அதனால்தான். டிவியாக இருக்கும் என்று நினைப்பேன். நர்ஸம்மாவாக இருக்கும் என்று நினைப்பேன். இரண்டு வருடம் அப்பாவைக் கையில் தாங்கியவளைப் போய்ச் சந்தேகப்படுகிறாயே, நீயெல்லாம் மனிதனா என்று என்னையே திட்டிக்கொள்வேன். ஒரு நாள், போதும், நம் அக்காவை நம்பிவிடுவோம் என்று முடிவு செய்தேன். அந்த வாரம்தான் இதை எழுத ஆரம்பித்தேன். உன்னிடம் நேரில் கேட்கத் தைரியமில்லாத மன்னிப்பைத்தான், அக்கா, எட்டு மாதம் உட்கார்ந்து எழுதினேன். நீதான் தமிழில் செய்ய வேண்டும் என்று அடம்பிடித்ததும் அதற்காகத்தான்.

இப்போது நான் என்ன செய்வது? எனக்கு உன்மேல் கோபம். பூசி மெழுகாமல் சொல்கிறேன், இவ்வளவு கோபம் எனக்கு யார்மேலும் வந்ததில்லை. நீ குளிப்பாட்டியதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். அதையும் இதையும் ஒன்றாக நினைக்க எனக்குத் தெரியவில்லை.

வரியை உன் விருப்பப்படி செய். விளையாட்டை நான் மாற்றப் போவதில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். "யாரும்மா" என்று கேட்டது அப்பாதானா? நீ என்ன சொன்னாய்? அவர் என்ன சொன்னார்? சமாதானம் எதுவும் வேண்டாம். கேள்விப் பட்டியலில் பதில் போடுகிற மாதிரி எழுது.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று தானாகப் போய்ச் சொன்னவன் கதையாகிவிட்டது என் கதை. உனக்கு எதுவும் தெரியாது என்று தெரிந்திருந்தால் நான் சாகும்வரை வாயைத் திறந்திருக்க மாட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன், இனி எதை மறைத்து என்ன?

நூற்றுப் பதினான்காம் வரியை நீ எழுதியபடியே போட்டு இன்று காலை அனுப்பிவிட்டேன். அவள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்த பிறகு குரல் சுலபமாக வந்தது. நானூறு வரியையும் முதலிலிருந்து சொல்லிப் பார்த்து, முப்பது இடங்களில் திருத்தினேன். முதல் தடவை அவளுக்கு நான் என் குரலைக் கொடுத்திருந்தேன். அவள் என்னைவிட நல்லவள், அமைதியாகப் பேச வேண்டியவள். சரிபார்ப்பவர் ஏன் இத்தனை மாற்றம் என்று கேட்பார். மொழிபெயர்த்தவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று சொல்.

நீ கேட்டதற்குப் பதில்.

கேட்டது அப்பாதான். போனை வைத்துவிட்டு நான் உள்ளே போனதும், "யாரும்மா போன்ல?" என்று மறுபடி கேட்டார். "ராங் நம்பர்பா" என்றேன்.

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு, "ராங் நம்பர்கிட்ட யாரும் அப்பா தூங்கறாருன்னு சொல்ல மாட்டாங்கம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், உடனே உனக்குப் போனைப் போட்டு அவரிடம் கொடுத்தும் இருப்பேன். நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்து, "பரவால்ல. உனக்கு எப்பத் தோணுதோ அப்பப் போட்டுக் குடு" என்றார்.

ஆகவே நீ கூப்பிட்டது அவருக்குத் தெரியும். மகன் கூப்பிடவில்லையே என்று நினைத்துக்கொண்டு அவர் போகவில்லை. அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் கேட்கவே இல்லை. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. உன் போன் வருகிற நாளில் மட்டும் அவர் காலையிலேயே சவரம் செய்துவிடச் சொல்வார். போனில் யாருக்கு முகம் தெரியப் போகிறது என்று நான் கேலி செய்வேன். மறுநாள் திங்கட்கிழமை காலையில் சவரம் செய்துவிடச் சொன்னார். செய்துவிட்டேன். செவ்வாய்க்கிழமையும் சொன்னார். செய்துவிட்டேன். எதற்கென்று எனக்குத் தெரியும். முகத்தைத் துடைத்துவிட்டு, கிண்ணத்தையும் கத்தியையும் கழுவி வைத்துவிட்டு, இரண்டு நாளும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன்.

அக்கா